சனிக்கிழமை ‘வார்டு ரவுண்டு’

ஜப்பான்காரன் வந்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. மலாயாவின் கெடா மாநிலத்தில் தோட்டம் தோட்டமாக லோரி வந்து, சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம். சிடாம் கிரிக்குப் போகும் சடக்கிலிருந்து, அதாவது சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, கித்தா என்கிற ரப்பர் மரக் காட்டுக்கு நடுவில், வெள்ளைக்கார துரை ஒருவர் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிய பங்களா இருந்தது. நான் சொல்லப்போவது அங்கே நடந்ததுதான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மீசை அரும்பிவிட்ட தைரியம் மட்டும் நிறைய இருந்தது.

அந்தப் பங்களாவை டிரெசர் பயிற்சிப் பள்ளியாக மாற்றியிருந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவரைத்தான் நாங்கள் டிரெசர் என்போம். வெள்ளைக்கார டாக்டர்கள் எல்லாரும் சிறையில் இருந்ததால் ஆஸ்பத்திரிகளில் ஆள் பஞ்சம். அவசர அவசரமாக இளைஞர்களைச் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். அங்கே சேர்ந்தவனை லோரியில் ஏற்ற மாட்டார்கள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். மருத்துவ சேவை செய்யும் ஆசையில் போனோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானெல்லாம் கோழி அறுப்பதைப் பார்த்தாலே வீட்டுக்குப் பின்பக்கம் போய்விடுகிற ஆள். புக்கிட் செலம்பாவிலிருந்து அப்பா என்னைக் கையோடு கூட்டி வந்து தள்ளிவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

சேரும்போது உடம்பைப் பார்ப்பார்கள். பல், கண், கொஞ்ச தூரம் ஓட்டம். சீக்காளிகளுக்கு அங்கே இடமில்லை. சேர்ந்த பிறகு நோய் தெரிந்தாலும் வெளியேதான். வெளியே என்றால் வீட்டுக்குப் போவதாக அர்த்தமில்லை. வாசலிலேயே லோரி நிற்கும். அதில் சயாமுக்குப் போனவர் யாரும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை.

எங்களுக்கு ஆறு மாதம் முன்னால் சேர்ந்த கூட்டம் ஒன்று ஏற்கெனவே அங்கே இருந்தது. அவர்கள் மூத்தவர்கள், நாங்கள் புதுசு. வயதில் எங்களைவிடச் சின்னவனாக இருந்தாலும் அவனை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட வேண்டும். அவர்களுக்கெல்லாம் தலைவன் ஒருவன் இருந்தான். சுங்கை பட்டாணி டவுன்காரன், நல்ல உயரம், பந்து விளையாடுகிறவனின் கால்கள், எதையும் சிரிக்காமல் சொல்லிப் பிறரைச் சிரிக்க வைப்பான். எல்லாரும் அவனை கேப்டன் என்பார்கள். எனக்கு அவனைக் கண்டால் பயம். ஆனால் அவன் பேச ஆரம்பித்தால் நானும் பக்கத்தில் போய் நிற்பேன்.

புதுசுகள் மூத்தவர்களின் துணியைத் துவைக்க வேண்டும், கிணற்றிலிருந்து அவர்கள் குளிக்கத் தண்ணீர் இறைத்துக் கொடுக்க வேண்டும், எதிரில் வந்தால் ஜப்பான் சிப்பாய்க்குக் குனிவதுபோல் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். ஜப்பான் பாஷையில் இச்சி, நி, சான் என்று எண்ணச் சொல்வார்கள். எண்ணுவதில் தடுமாறினால் எங்களை இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக நிறுத்தி, ஒருவனை ஒருவன் கன்னத்தில் அறையச் சொல்வார்கள். மெதுவாக அறைந்தால் திரும்ப அறைய வேண்டும். இது அவர்களாகக் கண்டுபிடித்தது இல்லை. பங்களாவைக் காவல் பார்த்த ஜப்பான் பட்டாளத்துச் சார்ஜன் காலைத் தேகப்பயிற்சியில் அவர்களுக்குச் செய்ததை அவர்கள் எங்களுக்குச் செய்தார்கள். மேலே வாங்கியதைக் கீழே இறக்கிவிட்டால் மனசு லேசாகிவிடும்போல. எனக்குக் கோபம் வரும், கன்னம் எரியும், ராத்திரி மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டுத் தூங்கிவிடுவேன்.

இதெல்லாம் சில்லறை. பெரிய சமாச்சாரம் ஒன்று பாக்கியிருந்தது. அதற்கு ‘வார்டு ரவுண்டு’ என்று பேர். சார்ஜன் டவுனுக்குப் போகும் சனிக்கிழமை மத்தியானம் புதுசுகளை வராந்தாவில் வரிசையாகப் படுக்க வைப்பார்கள். நாங்கள் நோயாளிகள். கேப்டன் கழுத்தில் கயிற்றைப் போட்டுக்கொண்டு பெரிய டாக்டராக வருவான். பின்னால் மற்றவர்கள். ஒவ்வொருவன் வயிற்றையும் தட்டிப் பார்த்து, வாயில் வந்த நோயைச் சொல்லி, மருந்து எழுதுவார்கள். ஒரு அவுன்ஸ் என்றால் வயிற்றில் ஒரு குத்து. மூன்று அவுன்ஸ்தான் அதிகபட்சம். கத்தினால் முதலிலிருந்து. அன்றைக்கு வராமல் ஒளிந்துகொண்டவனுக்கு அடுத்த வாரம் இரட்டை மருந்து. அது முடிந்துவிட்டால் நாம் ‘ஆள்’ ஆகிவிட்டோம், அதன்பிறகு யாரும் தொட மாட்டார்கள் என்று மூத்தவர்களே ஆறுதல் சொன்னார்கள். தங்களுக்கு நடந்தபோது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். உடம்பைப் பார்த்துத்தானே எடுக்கிறார்கள், என்ன ஆகிவிடப்போகிறது என்றார்கள்.

எனக்கு அங்கே ஒரு சிநேகிதன் கிடைத்திருந்தான். பெண்டாங்கில் நெல் வண்டி ஓட்டுகிறவரின் மகன். பேச்சு கம்மி, ஆனால் நான் அளக்கிற கதையை எல்லாம் நம்புவதுபோல் கேட்பான். எனக்கு அது போதும். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துப் பாய்.

ரவுண்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சாயங்காலம் சமையல்கட்டுக்குப் பின்னால் மரவள்ளிக் கொல்லையில் அவன் சுருண்டு கிடந்ததைப் பார்த்தேன். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. சாக்கு இரண்டை எடுத்து வந்து மூடினேன். குளிர் விட்டு, வேர்த்து, பேச முடிந்தபிறகு என் கையைப் பிடித்துத் தன் இடது விலா எலும்புக்குக் கீழே வைத்தான். உள்ளே கெட்டியாக ஏதோ கையில் தட்டியது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. மலேரியா பல வருடம் விட்டு விட்டு வந்தால் மண்ணீரல் வீங்கிக் கல் மாதிரி ஆகிவிடும். தோட்டத்தில் அதைக் காய்ச்சல் கட்டி என்பார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் கட்டி உள்ள ஒருவர் ரப்பர் பால்வாளியோடு தடுக்கி விழுந்தார். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. கட்டி உள்ளே கிழிந்து, பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

சனிக்கிழமை ஞாபகம் வந்தது.

“அண்ணனுங்ககிட்ட சொல்லிடலாம்டா,” என்றேன்.

“சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிரும். சார்ஜன் காதுக்குப் போயிரும். அப்புறம் லோரிதான். சயாம்ல நான் செத்தா எங்கம்மாவுக்குத் தெரியக்கூட தெரியாதுடா,” என்றான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னைச் சத்தியம் பண்ணச் சொன்னான். பண்ணினேன்.

அந்த இரண்டு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு எங்கே இருந்தது, கிழங்கு இறங்கவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவனுக்கு சயாம். சொல்லாவிட்டால் ஒரே ஒரு அவுன்ஸ் போதும். நேரே சார்ஜனிடம் போய் மூத்தவர்கள் அடிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் என்ன என்றும் யோசித்தேன். சார்ஜன் அதைக் கேட்டால் ரவுண்டு நின்றுவிடும், சந்தேகமே இல்லை. ஆனால் கேப்டனும் அவன் கூட்டமும் மறுநாளே லோரி ஏறுவார்கள். அவர்கள் மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அந்த அளவுக்கு எனக்கு மனசு வரவில்லை. கேப்டனும் நம்ம வீட்டுப் பிள்ளைதானே என்று தோன்றியது.

மிச்சம் இருந்தது சிஸ்டர் ஒருத்தர்தான். எங்களுக்குக் கட்டுப் போடவும் உடம்பைத் தொட்டு நோய் பார்க்கவும் கற்றுக்கொடுத்த நர்ஸ். அலோர் ஸ்டார் பக்கத்துத் தமிழ்க்காரர், நடுத்தர வயது. டயர் கிடைக்காததால் கித்தா கயிற்றைச் சுற்றிய சைக்கிளில் தடதடவென்று வருவார். கோபக்காரர். அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

பழைய சாரத்தைக் கிழித்துக் கட்டுத்துணியாக வேகவைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்று, ஒரு ஆளுக்கு ஆபத்து இருக்கிறது என்று ஆரம்பித்தேன். வார்டு ரவுண்டைப் பற்றி முழுக்கச் சொன்னேன். அப்படி அடித்தால் செத்துப்போகக்கூடியவன் ஒருவன் எங்களுக்குள் இருக்கிறான் என்றேன். யார் என்று சொல்லவில்லை. அடிப்பவர்கள் பேரையும் சொல்லவில்லை.

அவர் குச்சியால் துணியைக் கிளறிக்கொண்டே கேட்டார். கடைசியில், “பேரு சொல்லாம நான் என்னா பண்றது?” என்றார்.

“பேரு சொன்னா அவன் போயிருவான் சிஸ்டர்.”

“அப்ப எதுக்கு வந்த? எனக்கும் சூசா, உனக்கும் சூசா. போய் வேலயப் பாரு.”

சூசா என்றால் தொல்லை. என்னைத் தொல்லை என்று சொல்லித் துரத்திவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவமானமாக இருந்தது. கொடுத்த சத்தியத்தையும் பாதி உடைத்தாயிற்று, காரியமும் ஆகவில்லை. அன்றைக்கு என் சிநேகிதனின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு, பேச்சுக் கொடுக்காமல் சீக்கிரமே படுத்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் சிஸ்டர் மேசைகளைத் தள்ளிவிட்டுப் பாய்களை விரிக்கச் சொன்னார். வயிற்றைத் தொட்டு மண்ணீரல் பார்ப்பதை மூத்தவர்கள் அதுவரை தங்களுக்குள்தான் பழகியிருந்தார்கள். இன்றைக்குப் புதுசுகள் படுக்க வேண்டும், மூத்தவர்கள் பார்க்க வேண்டும் என்றார். ஆளுக்கு ஆள் அவரே ஜோடி சேர்த்தார். “படிப்பு முடியற வரைக்கும் இவன் ஒன்னோட பேசன்ட்டு. இவனுக்கு என்னா ஆனாலும் நீதான் பதில் சொல்லணும்,” என்று ஒவ்வொரு மூத்தவனிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். பெண்டாங்காரனிடம் வந்ததும் வெளுத்துப்போயிருந்த அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேப்டனைக் கூப்பிட்டார்.

போதாத காலத்துக்கு அன்றைக்கென்று சார்ஜன் வாசலில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் மலாயில் நாலைந்து வார்த்தை தெரியும். அதில் ஒன்று ‘சாக்கிட்’. நோய் என்று அர்த்தம். நானே என் சிநேகிதனைக் கொண்டுபோய் மாட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

பெண்டாங்காரன் முழங்காலை மடக்கிப் படுத்தான். வேறு வழியில்லை. கேப்டன் பக்கத்தில் மண்டியிட்டு, எப்போதும் போல ஏதோ கிண்டல் அடித்துக்கொண்டே அடிவயிற்றில் கையை வைத்தான். மூச்சை இழு என்றான். கையைக் கொஞ்சம் மேலே நகர்த்தினான். மறுபடியும் இழு என்றான். இடது விலாவுக்குப் பக்கத்தில் போனதும் கை நின்றுவிட்டது. கிண்டலும் நின்றுவிட்டது. விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான். படுத்திருந்தவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“சாக்கிட்?” என்று சார்ஜன் வாசலிலிருந்து கேட்டார்.

கேப்டன் எழுந்து நின்று, நன்றாக இடுப்பை வளைத்துக் குனிந்து, “தாடா. பாயேக்,” என்றான். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறான் என்று அதற்கு அர்த்தம்.

சிஸ்டர் மற்ற எல்லார் வயிற்றையும் தானும் ஒரு தடவை தொட்டுச் சரிபார்த்தார். பெண்டாங்காரனிடம் மட்டும் குனியவே இல்லை. கேப்டன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல் அடுத்த பாய்க்குப் போய்விட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சார்ஜன் நகர்ந்தபிறகு மூத்தவர்களை மட்டும் நிறுத்திவைத்துச் சிஸ்டர் பேசினார். நாங்கள் பாய் சுருட்டிக்கொண்டிருந்ததால் காதில் விழுந்தது. திங்கட்கிழமை காலையில் எவனாவது நிமிர்ந்து நிற்க முடியாமல் இருந்தால், யார் என்ன என்று கேட்க மாட்டேன், அன்றோடு இந்தப் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடுவேன் என்றார். “நான் வரலேன்னா இஸ்கூல் இல்ல. இஸ்கூல் இல்லேன்னா எல்லாரும் ஒரே லோரிதான். ஞாபகம் வச்சிக்கிங்க.” சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு தடதடவென்று போய்விட்டார்.

இருந்தாலும் சனிக்கிழமை வரத்தான் செய்தது. சார்ஜனின் வண்டி கித்தா காட்டைத் தாண்டியதும் எங்களை வராந்தாவில் படுக்கச் சொன்னார்கள். சிலர் மிரட்டலுக்குப் பயந்திருந்தார்கள். சிலர், பொம்பள சொல்லி நாம் கேட்பதா என்று முறுக்கிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் என்ன செய்வான் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் பெண்டாங்காரனுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். யாராவது கை ஓங்கினால் அவன் மேல் விழுந்துவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். என் வயிற்றில் கட்டி கிடையாது. இரண்டு பேர் மருந்தை நான் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு.

கேப்டன் கழுத்தில் கயிற்றோடு வந்தான். முதல் ஆளைத் தட்டிப் பார்த்தான். இவனுக்கு வயிற்றில் ஒன்றுமில்லை, வாயில்தான் கோளாறு, பாடச் சொல்லுங்கள் என்றான். அவன் பாட, எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அடுத்தவனை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னான். எனக்கு, கதை அளக்கும் வியாதி முற்றிவிட்டது, மூன்று நாளைக்குப் பேசக்கூடாது என்று எழுதினான். உண்மையைச் சொன்னால் அது மற்றவர்களுக்குத்தான் நல்ல மருந்து.

பெண்டாங்காரனிடம் வந்தபோது பின்னாலிருந்த ஒருவன் பொறுமை இழந்து, “என்னா கேப்டன், வெளையாட்டா இது? அவுன்ஸ் எங்க?” என்று முஷ்டியை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

கேப்டன் நடுவில் போய் நின்றான். அவன் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

“ஜப்பான்காரன் காலம்லா. ஆஸ்பத்திரியிலயே மருந்து இல்ல, நமக்கு எங்க? ஸ்டாக்கு தீந்து போச்சு. இனிமே வராது.”

அப்புறம் யாரோ ஒருவன் சிரித்தான். மூத்தவன், புதுசு என்று இல்லாமல் வராந்தா முழுக்கச் சிரிப்பு. முஷ்டியை மடக்கியவனும் சிரித்துவிட்டான். படுத்திருந்த என் சிநேகிதன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் கிணற்றடியில் கேப்டன் தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டிருந்தான். நான் போய், பேசக்கூடாத மருந்து எனக்கு இருப்பதையும் மறந்து, “ஏன்ணே சார்ஜன்கிட்ட அப்படிச் சொன்னீங்க? தெரிஞ்சிருந்தா உங்களுக்கும் லோரிதானே?” என்று கேட்டேன்.

அவன் துணியைப் பிழிந்து முடித்தான். தன்னுடைய கூடப்பிறந்த அண்ணன், தான் இங்கே சேர்வதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சயாமுக்குப் போய்விட்டார் என்றான். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லையாம். ‘எங்கூட்ல ஒருத்தன் போனது பத்தாதா’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு தன் வலது கையை விரித்துப் பார்த்தான்.

“அதவிடு தம்பி. அந்தப் பையன் எதுக்கும் வாயத் தொறக்க மாட்டான்ல, அதனால அவனுக்குத்தான் மூணு அவுன்ஸ்னு நான் நெனச்சி வச்சிருந்தேன். அன்னிக்கு அவன் வயித்துல கை வச்சதும் எனக்கு வேர்த்துப் போச்சு. இந்தக் கையிலதான அடிச்சிருப்பேன்.”

நான் அவனுக்கு ஒரு வாளி தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். யாரும் சொல்லாமல், யாருக்கும் பயப்படாமல், சந்தோஷமாக இறைத்த தண்ணீர் அது ஒன்றுதான்.

அதன்பிறகு பெண்டாங்காரனின் தலையணைக்கடியில் அவ்வப்போது காகிதத்தில் மடித்த கொய்னாத் தூள், மலேரியா மருந்து, இருக்கும். சிஸ்டர் கொடுத்ததா, கேப்டன் எங்கிருந்தாவது புரட்டியதா என்று நாங்கள் கேட்கவில்லை. கசப்பைச் சகிக்க முடியாமல் அவன் முகத்தைச் சுளிக்கும்போது கேப்டன் பக்கத்தில் நின்று, முழுங்குகிறானா என்று பார்ப்பான். நாங்கள் மூத்தவர்கள் ஆனபோது எங்களுக்குப் பின்னால் வந்த கூட்டத்தை நாங்கள் அறையவில்லை. அறையலாமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே பெண்டாங்காரன் எழுந்து போய்விடுவான். அவன் எழுந்து போனால் நானும் போய்விடுவேன்.

ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்து, அவனும் போய், எல்லாம் ஆயிற்று. என் சிநேகிதன் டிரெசராகவே வேலை பார்த்து, பிள்ளை குட்டிகளைப் பார்த்து, வயதாகித்தான் போனான். கேப்டனின் அண்ணன் திரும்பி வரவே இல்லை. சிஸ்டரை அந்தப் பள்ளி மூடியபிறகு நான் பார்க்கவில்லை. என்னைத் தொல்லை என்று திட்டிய அந்த வாய்க்கு ஒரு நன்றி சொல்லியிருக்கலாம்.

இப்போது கல்லூரி விடுதிகளில் பகடிவதை என்று பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம், கூட இருந்தவர்களுக்குத் தெரிந்தும் வாய் திறக்கவில்லை என்ற வரியில் என் கண் நின்றுவிடுகிறது. அவர்களை நான் திட்ட மாட்டேன். வாய் திறக்க எவ்வளவு பயமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். காட்டிக்கொடுத்தவன் என்ற பேர் வந்துவிடுமோ என்று நானும் நடுங்கினேன். ஆனால் கேப்டன் கிணற்றடியில் தன் கையை விரித்துப் பார்த்த அந்தக் காட்சி எனக்குள் அப்படியே இருக்கிறது. சிஸ்டரிடம் நான் தயங்கித் தயங்கிச் சொன்ன அரைகுறைப் பேச்சு, அடி வாங்க இருந்தவனோடு அடிக்க இருந்தவனையும் சேர்த்துக் காப்பாற்றியது என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.